பதினேழாம் நம்பர் இலுப்பை

அய்யனார் கோவில் ரோட்டில் நிற்கிற நாட்டு மரங்களுக்கு இன்று காலை நம்பர் போட்டோம், நானும் தோழி முத்துலட்சுமியும். எந்த மரம் எப்போது பூக்கிறது, காய்க்கிறது என்று குறித்து வைப்பதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை.

பதினாறு மரம் வரை ஒரு வம்பும் இல்லை.

பதினேழாவது ஓர் இலுப்பை. அதன் நிழலில் கம்பங்கூழ் விற்கிற அக்கா, நான் பெயிண்டில் '17' எழுதி முடித்ததும் அகப்பையோடு எழுந்து வந்தார்.

"ஏட்டி, எந்த ஆபீஸு நீங்க? இன்னைக்கு நம்பர் போடுவிய, நாளைக்கு மிஷினக் கொண்டாந்து அறுப்பிய. எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"வெட்ட இல்லக்கா, காப்பாத்தத்தான் போடுதோம்."

"அத வேற எங்கயாவது போய்ச் சொல்லு."

ஈரத்துணியால் ஒரே இழுப்பு. நம்பர் போய்விட்டது.

எனக்குக் கோபமே வரவில்லை. ரோட்டோரம் நம்பர் போட்ட மரம் எது பிழைத்திருக்கிறது? இதை யோசிக்காமல் பெயிண்ட் டப்பாவைத் தூக்கியது எங்கள் தப்பு. அடுத்த வாரம் நம்பர் மரத்தில் இருக்காது, எங்கள் நோட்டில்தான் இருக்கும்.

பதினேழைப் பற்றி இனி எனக்குக் கவலையில்லை.

மற்ற பதினாறுக்கும் பெயிண்ட் அடித்தபோது ஏன் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே, அதுதான் உறுத்துகிறது. அந்த ரோட்டுக்காரர்களே, யாராவது வந்து எங்களைத் திட்டுங்கள்.