மாப்பிள்ளை வீட்டு அன்ரனோவ்

சந்தேகப்படுவதில் எனக்கு என்றுமே சோம்பலோ பஞ்சியோ இருந்ததில்லை. மகள் ஒருவரை விரும்புவதாகச் சொன்ன அன்றே லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் தொலைபேசி எடுத்து விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் ஆட்களில் ஒரு கலியாணம் சரிவருவதற்கு முதல் நாலு நாட்டில் கதைத்தாக வேண்டும். "நல்ல பெடியன், தாயோட இருக்கிறான், தகப்பன் இல்லை" என்றார்கள். தகப்பனுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் ஆளாளுக்குப் பேச்சை மாற்றினார்கள். அப்படி மாற்றினால் எனக்கு நித்திரை வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு, சுவிஸில் நாங்கள் இருக்கும் லாங்கன்தாலில் ரயில் ஏறி, பெடியன் இருக்கும் ரெனானுக்குப் போனேன். மனைவிக்கு அன்று முதியோர் இல்லத்தில் வேலை. வழியில் மகள் சொன்னாள்: "அப்பா, நீங்கள் வேண்டாம் எண்டால் நான் உங்களை மீறிச் செய்யமாட்டன். ஆனா சும்மா வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ. காரணம் சொல்லோணும்." காரணம் தேடித்தான் போகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வீடு துப்புரவாக இருந்தது. பெடியன் பஸ் திருத்தும் வேலை செய்கிறவன், மரியாதையானவன். நான் குறை பிடிக்க இடமில்லாமல் இருந்தபோதுதான் தொலைக்காட்சிக்கு மேல் தட்டில் அந்த விமானத்தைக் கண்டேன். கையால் ஒட்டிச் செய்த சின்ன விமானம். இறக்கைக்கு மேல் பெரிய இரண்டு எஞ்சின்கள், உடம்பெல்லாம் பச்சையும் மண்ணிறமும்.

சோவியத்துக்காரன் செய்த அன்ரனோவ் விமானத்தை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சனத்தை ஏற்றி இறக்கிய அன்ரனோவில் நானும் ஆமி சொன்னபடி ஜன்னலை மூடிக்கொண்டு கொழும்புக்குப் பறந்திருக்கிறேன். அதே அன்ரனோவ் வகையில் இலங்கை ஆமிக்காரனுக்கென்று செய்ததும் ஒன்று இருந்தது. ஒரு தமிழ் வீட்டில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், ஆமியின் விமானம்!

"இது சனம் போறதோ தம்பி?" என்று தெரியாதவன் போல் கேட்டேன்.

"இல்லை அங்கிள். சனம் போறதுக்கு வரிசையா ஜன்னல் இருக்கும். இது ஆமியின்ர. பின்பக்கம் கதவு இறங்கும், அதாலதான் சாமான் ஏத்துறது."

"உள்ளுக்க போய்ப் பாத்த மாதிரிக் கதைக்கிறீர்."

"நான் இல்லை. அப்பா."

மகள் என்னைப் பார்த்தாள். நான் விடவில்லை. தகப்பனுக்கு ஆமி விமானத்துக்குள் என்ன வேலை என்று நேராகவே கேட்டேன். காரணம் கையில் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் வந்தது. அதை மறைப்பானேன்.

அவன் தேநீரைக் கீழே வைத்தான். "பலாலி ஆமி முகாமுக்குள்ள இருக்கிற எயார்போட்டில சாமான் ஏத்தி இறக்கிற வேலை. சனம் வாற பிளேனுக்குத்தான் எடுத்தவை. ஆமியின்ர வந்தால் அதையும் ஏத்தச் சொல்லுவாங்கள். மாட்டன் எண்டு சொல்லேலுமோ? அதுக்குள்ள படம் எடுக்க விடமாட்டினம், அப்பா வேலை செய்யிற படம் எங்களிட்ட ஒண்டுமில்லை. அதுதான் இதைச் செய்து வைச்சிருக்கிறன்."

"பிறகு?"

"நீ உள்ளுக்க என்ன செய்யிறனி எண்டு முதல்ல அயல்சனம் அப்பாவைக் கேட்டது. ஒவ்வொருத்தரும் இன்னொருத்தரிட்டச் சொல்லிச்சினம். பிறகு ஒருநாள் அப்பா வேலையால வரேல்லை."

மன்னிப்புக் கேட்கத்தான் வாய் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான். வந்தது வேறு.

"கொண்டுபோனது எந்தப் பக்கம்?"

குசினி வாசலில் நின்ற தாய்தான் பதில் சொன்னார். அவருடைய குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அது எங்களுக்கும் தெரியாது அண்ணை. ஆமியிட்டக் கேட்டால் இயக்கப் பெடியளெண்டாங்கள். பெடியளிட்டக் கேட்டால் ஆமியெண்டாங்கள். நீங்கள் லண்டனில, கனடாவில எல்லாம் விசாரிக்கிறியள் எண்டு கேள்விப்பட்டனாங்கள். ஆருக்கும் தெரிஞ்சிருந்தால் எங்களுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

மகள் என் பக்கத்திலிருந்து எழும்பிப் போய் அந்த மனுசியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி என்னைப் பார்க்கவேயில்லை.