மேசைக்கு அடியில் என் கால்

என் தங்கைக்கு நன்றாகக் காது கேட்கிறது என்று ஆறு மாதம் எல்லோரையும் நம்ப வைத்தவள் நான்.

எனக்குப் பத்து வயது, அவளுக்கு நான்கு. பிறவியிலேயே கேட்காது. உள்காதில் நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்று சுருண்டிருக்க வேண்டிய எலும்புக் குழல் அவளுக்கு ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிட்டதாம். ஆபரேஷன் செய்து அதற்குள் மெல்லிய கம்பி வைத்து, காதுக்குப் பின்னால் மெஷினும் மாட்டினார்கள். "கேக்கும்மா, ஆனா மெதுவாத்தான் வரும்" என்றார் டாக்டர். நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் அம்மா மீன் விற்கும்போது, "இன்னாக்கா, பொண்ணு பேசுதா?" என்று யாராவது கேட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் சோதனை. ஸ்பீக்கரில் சத்தம் வந்தால் தங்கை ஒரு மரக்கட்டையைக் கூடையில் போட வேண்டும். முதல் தடவை பாதிக் கட்டைகள் அவள் கையிலேயே இருந்தன. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த தடவை, நான் பக்கத்தில் இருந்தால் தங்கை அழமாட்டாள் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். சின்னச் சத்தம் வந்தாலும் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். கட்டைகள் டொக் டொக்கென்று விழுந்தன. "சூப்பரா கேக்குதும்மா" என்றார் சோதனை செய்த மேடம். திரும்பும்போது மயிலாப்பூரில் இறங்கி, அம்மா எங்களுக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தாள்.

அப்புறம் ஒவ்வொரு மாதமும் மிதித்தேன். கட்டை விழுந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. சந்தேகப்பட்ட மேடம் ஒருநாள் என்னை வெளியே உட்கார வைத்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தங்கை கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மேசைக்கு அடியில் குனிந்து குனிந்து என் காலைத் தேடினாள்.

"மெஷின்ல தண்ணி ஏதாவது பட்டுதாம்மா?" என்று வெளியே வந்த மேடம் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா உள்ளங்கைகளைப் புடவையில் தேய்த்தாள். "மீனு கையோட தொட்டுட்டேன் போல கீது மேடம். எல்லாம் என் தப்புதான்."

நான் சுவரில் ஒட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெஷினில் பழுதில்லை. நன்றாகக் கேட்கிறது என்று நம்பி அதில் குறைவாகவே வைத்திருந்த சத்தத்தின் அளவை முதலிலிருந்து ஏற்றி வைத்தார்கள். மூன்றாம் மாதம் தங்கை "ம்மா" என்றாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள், நிறையப் பேசுகிறாள்.

அது மார்க் வாங்கும் பரீட்சை என்று நினைத்திருந்தேன். எது கேட்கவில்லை என்று தெரிந்தால்தான் அதைக் கேட்க வைக்க முடியும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஆனால் அம்மா தன் தப்பு என்று சொன்னபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அது அந்தப் பத்து வயதிலேயே எனக்குப் புரிந்திருந்தது.