கோவிந்தராசு மூன்று

வடிவாம்பாள் அக்காவின் இடது மணிக்கட்டின் உட்பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவருடைய பெயர் பேனாவால் எழுதியிருக்கும். பதினான்கு வருடமாகப் பார்த்துவருகிறேன். ஒரு நாள் சொக்கநாதன், இன்னொரு நாள் அஞ்சுகம். அவர்கள் கேட்ட வேலை முடிந்ததும் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்து அழிப்பார். அழித்த இடம் காய்வதற்குள் அடுத்த பெயர் ஏறிவிடும்.

தலத்தெருவில் ஒரு மாடி வீட்டின் இரண்டு அறைகள்தான் எங்கள் ஆபீஸ். நான் அங்கே பெருக்குகிறேன், டீ போடுகிறேன், பிரிண்ட் எடுத்த தாள்களை அடுக்கி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவள். அதிகம் பேச மாட்டேன். பேசாதவள் நிற்கிறாளே என்று யாரும் பேச்சை நிறுத்துவதில்லை.

அக்கா நெரவிக்காரர். டிப்ளமா முடித்த நாளிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவர். கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு வரும் லாரிகள் எடைமேடையில் ஏறி நிற்கும். அங்கே எடையைப் பதிந்து சீட்டு அடித்துத் தரும் புரோகிராமை எழுதியவர் அக்கா. பதினேழு எடைமேடைகளில் அதுதான் ஓடுகிறது. முதலாளி சோமசேகரன் ஆர்டர் பிடிப்பார். எழுதுவது, பழுது பார்ப்பது எல்லாம் அக்கா ஒருவர்தான்.

யார் என்ன மாற்றம் கேட்டாலும் செய்து கொடுத்துவிட்டு, புரோகிராமில் அந்தத் துண்டுக்குக் கேட்டவரின் பெயரையே வைத்துவிடுவார். மனிதர்களை வைத்துத்தான் அவருக்கு வேலை ஞாபகம் இருக்கும். கோவிந்தராசு என்று ஒரு யார்டு சூப்பர்வைசர் மூன்று தடவை கேட்டார். அதனால் கோவிந்தராசு ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் ஒரே ஃபைலில், வந்த வரிசையில், ஒன்றின் கீழ் ஒன்றாக. இருபதாயிரம் வரி ஆகிவிட்டது என்று ஒரு நாள் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

பிறகு திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். போன வருடம் ஒரு சமயத்தில் பத்து வரிதான் தெரிந்தது. அந்த இருபதாயிரத்தையும் பத்துப் பத்து வரியாகத் தள்ளித் தேடிக்கொண்டிருப்பார். ஆவணியில் புதுச்சேரிக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார்.

“சர்க்கரை கண்ணுல இறங்கிடுச்சாம் அமுதம்” என்றார் என்னிடம். “உள்ள ரத்தம் கசியுதாம். ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும், தள்ளிப்போட்டா வலது கண்ணு போயிடும்னு சொல்றாங்க. பண்ணிட்டு ரெண்டு மாசம் கம்ப்யூட்டர் பக்கமே வரக் கூடாதாம்.”

ஆபரேஷனுக்கு ஐப்பசியில் ஒரு தேதி கொடுத்தார்கள். அதற்குள் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று முதலாளி சிவப்ரியாவை வேலைக்கு எடுத்தார். இஞ்சினியரிங் முடித்த பெண், வாய்த்துடுக்கு. முதல் நாளே ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னக்கா இது, புரோகிராமா கல்யாணப் பத்திரிகையா? சுற்றமும் நட்பும் எல்லாரும் இருக்காங்க” என்றாள்.

“எல்லாரும் வேண்டியவங்கதான்டி. யாரையும் வெரட்டிடாத” என்றார் அக்கா.

ஆனால் அவள் ஒருவரை விரட்டிவிட்டாள். கோவிந்தராசு மூன்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். எந்த வித்தியாசமும் இல்லை. தேவையில்லாதது என்று நினைத்து, எடுத்தது எடுத்தபடியே பதினேழு மேடைக்கும் அனுப்பிவிட்டாள். அது புரட்டாசி. நல்ல வெயில்.

அக்கா புதுச்சேரிக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலையில் மழை கொட்டியது. பையோடு ஆபீஸுக்கு வந்து எங்களிடம் சொல்லிக்கொண்டு நின்றபோது எடைமேடையிலிருந்து போன் வந்தது.

“மேடம், லாரி ஏறுது, எடை பதிய மாட்டேங்குது. மெயின் ரோடு வரைக்கும் வண்டி நிக்குது. டிரைவருங்க என் சட்டையப் புடிக்கிறானுவ.”

ஒரு லாரி இறங்கி மேடை பூஜ்யத்துக்கு வந்தால்தான் அடுத்த லாரியின் எடையைப் புரோகிராம் பதியும். மழைக்காலத்தில் டயரோடு வரும் சேறு மேடையில் ஒட்டிக்கொள்வதால் எண் பூஜ்யத்துக்கே வராது. மழை மாதங்களில் மட்டும் ஐம்பது அறுபது கிலோ சேற்றைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு வாங்கியவர் கோவிந்தராசு; அதுதான் கோவிந்தராசு மூன்று. அவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது.

அக்கா பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழவாஞ்சூருக்குப் போனார். ஒவ்வொரு மேடையாகச் சரிசெய்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஆபரேஷன் தேதி போய்விட்டது.

மறுநாள் சிவப்ரியா அழுதாள். “மேல ஒரு வரி எழுதி வச்சிருக்கலாம்லக்கா, இது சேத்துக்குன்னு.”

“எழுதியிருக்கலாம். எனக்குத்தான் தெரியுமேன்னு விட்டுட்டேன்” என்றார் அக்கா. கோபமே இல்லாத குரல். கோபப்படத் தெம்பில்லாத குரல் என்றும் சொல்லலாம்.

இதை ஒழுங்குபடுத்தாமல் போகமாட்டேன் என்று அதன் பிறகு உட்கார்ந்துவிட்டார். முதலாளி வந்து பார்த்தார்.

“ஓடிக்கிட்டிருக்கிறத எதுக்கும்மா பிரிச்சுப் போடுறீங்க?”

“அது எங்கங்க ஓடுது? நான்ல ஓடிக்கிட்டு கெடக்கேன்.”

ஒவ்வொரு துண்டாக எடுத்தார்கள். சிவப்ரியா வாசிப்பாள், அது எதற்கென்று அக்கா சொல்வார். ஆளின் பெயரை எடுத்துவிட்டு அது செய்யும் வேலையைப் பெயராக வைத்தார்கள். யார் கேட்டது, எதற்குக் கேட்டது என்று மேலே ஒரு வரி. எடை சம்பந்தப்பட்டது ஒரு ஃபைல், சீட்டு சம்பந்தப்பட்டது ஒன்று, வண்டி எண் ஒன்று. ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோ நடக்கும். சில நாள் ஒன்றுகூட நகராது, ஏனென்றால் அக்காவுக்கே நினைவு வராது.

“சஜிதா. இது யாருக்கா?”

அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். நான் டீயை வைத்துவிட்டு நின்றேன். சொல்லலாமா என்று தயக்கமாக இருந்தது.

“நோன்பு நேரத்துல வந்தாங்கக்கா” என்றேன். “டீ வேணாம்னாங்க. சீட்டு கவுண்டர்ல இருந்தவங்க. எல்லா வண்டி நம்பருக்கும் முன்னாடி பி.ஒய். ரெண்டு, பி.ஒய். ரெண்டுன்னு அடிச்சு வெரல் வலிக்குது, அது தானா வர்ற மாதிரி பண்ணிக் கொடுங்கன்னு கேட்டாங்க.”

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “அமுதக்கா, நீங்க பேசுவீங்களா?” என்றாள் சிவப்ரியா.

அப்படி ஒன்பது பெயர்களுக்கு நான் சொன்னேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

கார்த்திகையில் கொடுத்த தேதிக்கும் அக்கா போகவில்லை. இன்னும் பாதி இருக்கிறதே என்றார். போங்கக்கா என்று சொல்ல ஒவ்வொரு நாளும் வாயெடுத்தேன். ஆனால் எடைமேடையிலிருந்து போன் வந்தால் யார் பதில் சொல்வது என்று எனக்கும் தெரியும். டீயை வைத்துவிட்டு வந்துவிடுவேன். மார்கழியில் ஒரு காலையில் அவர் கை டம்ளருக்கு ஒரு விரல் தள்ளிக் காற்றைப் பிடித்தது. அன்றைக்குத்தான் சொன்னேன். தை பிறந்ததும் போனார். முன்பே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம்.

இப்போது அந்த ஒரு ஃபைல் இருபத்திரண்டாகப் பிரிந்திருக்கிறது. சிவப்ரியா தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். எதற்கென்று யாருக்கும் தெரியாத முப்பத்தொரு பெயர்களை எடுக்கவும் முடியாமல் மாற்றவும் முடியாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் அக்கா வருகிறார். நாற்காலியைத் திரைக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு, சிவப்ரியா வாசிப்பதைக் கேட்டுப் பதில் சொல்கிறார். இடது கண் தெரிகிறது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, எழுத்து தெரிவதில்லை.