மாமனாரின் புளூடூத்

மலேசிய அரசாங்கப் பதிவின்படி ஷிரீன் ஒரு 'சூரி ரூமா', அதாவது இல்லத்தரசி. அவள் வைத்த மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்ட எவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கணினிப் பட்டம் பெற்றவள். தயாரித்த நிறுவனமே கைவிட்ட பழைய கைப்பேசிகளுக்கு, இணையத்தில் கிடைக்கும் மூலநிரலைக் கொண்டு புது இயங்குதளம் கட்டுவாள். வீட்டில் இதற்குப் பெயர் 'போனை நோண்டுறது'.

மாமனார் கௌஸ் கிள்ளானில் துணிக்கடைக்காரர்; சென்னை வியாபாரி ஒருவரிடம் போனில் பேசிச் சரக்கு வரவழைப்பவர். அவருடைய காதுக் கருவி புளூடூத் வழியாகப் போனோடு இணைந்தால்தான் எதிர்முனையில் பேசுவது கேட்கும். அந்தப் போன் மகன் அன்சார் பெருநாளுக்குக் கொடுத்தது. செயலிகள் ஒவ்வொன்றாக ஓட மறுத்தபோதும் அதை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. எனவே மருமகள் புது இயங்குதளத்தை ஏற்றினாள். எல்லாம் ஓடின, புளூடூத் மட்டும் செத்தது.

"முன்னாடி சென்னைக்காரன் ஏமாத்துறது காதுல விழும். இப்ப அதுவும் விழல" என்றார் கௌஸ்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மின்னணு நிறுவனம் அவளை வேலைக்கு அழைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கௌஸ் பெருந்தன்மையாக நிபந்தனை போட்டார்.

"என் காதக் குடுத்துட்டு நீ வேலைக்குப் போ புள்ள. நான் தடுக்க மாட்டேன்."

புளூடூத் பொத்தானைத் தட்டினால் எரிந்து, உடனே தானாக அணைந்தது. சிப்புக்கு உயிர் கொடுக்கும் கோப்பு ஏறவில்லை என்றது போனின் பதிவு. பெட்டியில் அச்சடித்திருந்த மாடல் எண்ணைப் பார்த்து, மலேசியப் பதிப்புக்குரிய கோப்பையே அவள் வைத்திருந்தாள். அனுமதிகளைத் திருத்தினாள். மறுபடி கட்டினாள். மறுபடியும் கட்டினாள். கணினி இருந்த அறை ரொட்டிச்சானாய் பரோட்டா போடும் கல்லைப் போலச் சுட்டது.

கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள்: பெட்டியை விட்டுவிட்டுச் சிப்பையே விசாரித்தாள். அது வேறொரு சிப். இந்தியாவில் விற்கும் போன்களில் மட்டும் வருவது.

"இந்தப் போன எங்க வாங்குனீங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

"பிரிக்பீல்ட்ஸ்லதான் லா. பெட்டி இருக்கே."

"பெட்டி இருக்கு. போன்?"

அன்சார் சிரித்தான். "பெட்டி பிரிக்பீல்ட்ஸ். போன் சென்னை. அத்தாகிட்ட சொல்லிடாத."

கௌஸின் துணிக்கடையில் அது குற்றமில்லை, வழக்கம். சென்னையிலிருந்து வரும் கைலி எதுவும் உள்ளூர்ப் பெட்டிக்குள் புகாமல் அலமாரி ஏறியதில்லை. தகப்பனுக்குக் கொடுத்த பரிசையும் மகன் சரக்காகவே நடத்தியிருந்தான், அவ்வளவுதான்.

உரிய கோப்பை வைத்துக் கட்டினாள். வியாழக்கிழமை கௌஸ் சென்னைக்காரரோடு அரைமணி நேரம் சண்டை போட்டார். முகத்தில் பெருநாள்.

"கேக்குதா மாமா?"

"அவன் மூச்சு விடுறதுகூட கேக்குது!"

"அப்ப நாளைக்கு அந்தக் கம்பெனிக்கு வரேன்னு சொல்லிடுறேன்."

"எதுக்கு? இது மறுபடி கெட்டா யாரு பாக்குறது? உன் புருஷனா?"

"நீங்கதானே போகச் சொன்னீங்க?"

"உனக்கு இவ்வளவு தெரியும்னு அப்ப எனக்குத் தெரியாதே."

அன்சார் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தா சொல்றதும் சரிதானே லா" என்றான்.

ஷிரீனிடம் ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. எடுத்தாள்.

"மாமா, இந்தப் போன் சென்னையில வாங்குனது. இவுங்க பெட்டிய மாத்திக் குடுத்திருக்காங்க."

கௌஸ் மகனை ஏற இறங்கப் பார்த்தார். அன்சார் எழுந்து நின்றான்.

"எனக்கேவாடா?" என்றவர், அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "என் புள்ளதான்டா நீ!"

இருவரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கௌஸ் தேநீர் கேட்டார்.

ஷிரீன் தேநீர் போட்டுக் கொடுத்தாள். மறுநாள், வேலைக்கு வர இயலாது என்று அந்த நிறுவனத்துக்கு எழுதினாள்.