என்னை நோக்கி ஓடி வந்தவன்

வட்டிக்கடைக் கடனைக் கட்டாமல் தலைமறைவானவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. எழுதப் படிக்கத் தெரியாது. பார்த்த முகம் மட்டும் மறக்காது. திருத்தங்கல்லில் இருந்து காணாமல் போன மாரியப்பன், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் இருப்பதாக, ஆள் ஏற்றும் வேன் டிரைவர் சொன்னார்.

வாசல் வழியாகப் போனால் தப்பிவிடுவான் என்று பின்பக்கச் சோளக்காட்டில் புகுந்தேன். கை தானாகப் பீடியைப் பற்றவைத்தது. காட்டைவிட்டு வெளியே வந்தால், வெயிலில் வெடித்திரி காய்கிறது. பக்கத்தில் மாரியப்பன். என்னைக் கண்டதும் ஓடினான், என்னை நோக்கி. அடிக்கத்தான் வருகிறான் என்று கையை ஓங்கினேன். அவனோ என்னைக் காட்டுக்குள் வெகுதூரம் தள்ளிக்கொண்டு போய், பீடியைப் பிடுங்கி மண்ணில் போட்டு மிதித்தான்.

“ஏன் அண்ணாச்சி, கடனை வாங்க வந்தீகளா, அம்புட்டு பேரு உசிரை வாங்க வந்தீகளா? உள்ள பொம்பளையாளுக வேலை பாக்காக!”

“தெரியாமப் பத்தவச்சிட்டேன்லே...”

“சரி, வாங்க. உங்க முதலாளிகிட்ட போவோம். இனி எங்கன ஓட?”

“நீ போயி வேலையைப் பாருலே,” என்று திரும்பிவிட்டேன்.

பொறுப்பில்லாமல் ஓடிப்போனவன் என்றுதான் அவனை நினைத்திருந்தேன். ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.