டூட்டி ஆபீசரை மட்டும் ஜெயிச்சுடாதீங்க

என் அக்காவுக்கு பஸ் ஓட்டுவது தொழில், முறைப்பது பொழுதுபோக்கு. டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதினெட்டாம் நம்பர் பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டுவதால் பதினெட்டக்கா ஆகிவிட்டாள். அவளைவிட மூத்த கண்டக்டர்களுக்கும் அவள் பதினெட்டக்காதான். நல்ல உயரம். சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். "இந்த உயரத்துக்கு நீங்க பாஸ்கெட்பால் ஆடியிருக்கலாமே" என்று ஏறுகிறவர்களில் யாராவது சொல்லாத வாரம் கிடையாது. "பந்தைப் போட ஆளிருக்கு, பஸ்ஸை ஓட்ட ஆள் வேணாமா? உள்ள தள்ளிப் போங்க" என்பாள்.

அவளுக்குப் போட்டிருந்தது ஸ்பிளிட் டூட்டி. காலைக் கூட்டத்துக்கு ஓட்டிவிட்டு, மதியம் முழுக்க டிப்போவில் தேமே என்று உட்கார்ந்திருந்து, மாலைக் கூட்டத்துக்கு மறுபடி வண்டியை எடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் பத்தாது. அவள் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் மகள் கீழ்த்தளத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் வீட்டிலேயே யூனிபார்ம் தைக்கிறேன். நான் துணி வெட்டும் மேஜையின் ஒரு ஓரத்தில்தான் அவள் வீட்டுப்பாடம். "அம்மா இன்னிக்கும் லேட்டா, சித்தி?" என்று தினமும் கேட்பாள். எனக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

விடிகாலையில் ஆரம்பித்து மதியத்தோடு முடிகிற நேர் டூட்டி ஒன்று இருக்கிறது. சர்வீஸ் வரிசைப்படி முறை வைத்துத் தர வேண்டும். அக்காவின் முறை வந்தது, அவளைத் தாண்டிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி தாண்டிப் போனது. ஒவ்வொரு தடவையும், யாருக்கு எந்த டூட்டி என்று சார்ட் போடுகிற டூட்டி ஆபீசர் தன் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, "அடுத்த சார்ட்டுல பாத்துக்கலாம்மா" என்பார். நாற்காலிக்குப் பிறந்த மனிதர். அவர் எழுந்து நின்று பார்த்ததே இல்லை என்று அக்கா சொல்வாள்.

சும்மா கிடந்த அந்த மதியங்களில்தான் விளையாட்டு உள்ளே நுழைந்தது. கிரீஸ் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் அவள் போனில் அதை ஏற்றிக் கொடுத்தான். இணையத்தில் பாஸ்கெட்பால் டீம் நடத்துகிற விளையாட்டு. பந்தை நாம் தொடவே மாட்டோம். ஆட்களை வாங்குவது, பயிற்சி கொடுப்பது, யாரை இறக்குவது, எப்படி ஆடச் சொல்வது என்று முடிவு செய்வதுதான் நம் வேலை. குறித்த நேரத்துக்கு கம்ப்யூட்டரே மேட்ச்சை நடத்தி, வரி வரியாகச் சொல்லும். டிப்போ ஆட்களுக்கென்று தனி லீக் ஒன்றை டூட்டி ஆபீசர் ஆரம்பித்து வைத்திருந்தார்.

"புதுசா சேர்றவங்களுக்கு நாலு விஷயம் சொல்றேன், கேட்டுக்கோங்கக்கா" என்றான் கிரீஸ். "பெரிய பேரைப் பாத்து மயங்கி ஆள் வாங்காதீங்க. சம்பளமே டீமை முழுங்கிடும். சின்னப் பசங்களா எடுத்து, ஒரே ஒரு வித்தையை விடாம சொல்லிக் குடுங்க. இன்னிக்கு இது நாளைக்கு அதுன்னு மாத்தினா ஒண்ணும் தேறாது. களத்துல இறக்காதவன் வளர மாட்டான். தோத்தா பதறாதீங்க."

"அவ்வளவுதானா?"

அவன் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணு இருக்கு. டூட்டி ஆபீசரை மட்டும் ஜெயிச்சுடாதீங்க."

"ஏன், கடிப்பாரா?"

"சார்ட்டு போடுறது யாருக்கா?"

லீக் ஆரம்பித்த நாளிலிருந்து கோப்பை அவருக்குத்தான். கெட்டிக்கார டிரைவர்கள்கூட அவரோடு மோதும் நாளில் நல்ல ஆட்களை உட்கார வைத்துவிடுவார்கள். வென்ற கோப்பையின் படத்தை பிரிண்ட் எடுத்துத் தன் கண்ணாடி ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தார். ஒரு மனிதர் வெட்கமே இல்லாமல் இதையெல்லாம் செய்வார் என்று நேரில் பார்க்கும் வரை நான் நம்பவில்லை.

அக்கா தன் டீமுக்குக் 'கடைசி வண்டி' என்று பெயர் வைத்தாள். கிரீஸ் அவ்வளவு சொல்லியும் முதல் நாளே ஒரு பெரிய பேரை வாங்கிச் சூடு பட்டுக்கொண்டாள். அவனை விற்றுவிட்டு, யாரும் சீண்டாத பொடியன்களாகப் பொறுக்கினாள். தூரத்திலிருந்து பந்து போடுவதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். முதல் சீசனில் மண்ணைக் கவ்வினாள். ஓய்வறையே சிரித்தது. "சிரிங்க சிரிங்க, பல்லு சுளுக்கிக்கப் போகுது" என்று சொல்லிவிட்டு அதே பயிற்சியைத் தொடர்ந்தாள். இரண்டாவது சீசன் பாதியில் சிரிப்பு நின்றது. கடைசி மேட்ச் வரும்போது முதலிடத்தில் இரண்டே டீம்கள் சமமாக இருந்தன. ஒன்று கடைசி வண்டி. இன்னொன்று யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம்தான் புது டூட்டி சார்ட்டும் வர வேண்டியிருந்தது. நாற்காலியை விட்டு எழாத மனிதர் ஓய்வறைக்கே நடந்து வந்தார். கிழிந்த ரெக்ஸின் சோபாவில், அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உங்க பசங்க நல்லா ஆடறாங்கம்மா. கடைசி மேட்ச்ல அவங்களுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்களேன்."

"எதுக்கு சார்?"

"நேர் டூட்டி கேட்டிருந்தீங்கல்ல? பாப்பா தனியா இருக்குன்னு. நானும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் எனக்கு உள்ளூர மனசு குளிர்ந்தது. மறைக்க என்ன இருக்கிறது? சாயங்காலமானால் என் கை கத்தரிக்கோலிலும் கண் அடுப்பிலும் காது அந்தப் பெண்ணின் வாய்ப்பாட்டிலும் இருக்கிறது.

"தோத்துட்டுப் போயேன்க்கா. வெறும் போன் விளையாட்டு. உன் கிரீடமா கழண்டுடப் போகுது?"

"அது எனக்கு வர வேண்டிய டூட்டிடி. என் முறை. அதை அவர் எனக்குப் பிச்சையா போடறதுக்கு நான் தோத்துக் காட்டணுமா?"

"காட்டேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. இன்னிக்கு இதுக்குத் தலையாட்டினா, அடுத்த சார்ட்டுக்கு வேற ஒண்ணு கேப்பார். அதுக்கும் ஆட்டணும்."

மேஜை ஓரத்திலிருந்து மகள் நிமிர்ந்தாள். "தோத்தா நீ சாயங்காலம் வீட்ல இருப்பியாம்மா?"

அக்கா பூசி மெழுகத் தெரியாதவள். "இருப்பேன்" என்றாள்.

"ஜெயிச்சா?"

"இருக்க மாட்டேன். இப்ப மாதிரியேதான்."

அவள் புத்தகத்தில் குனிந்துகொண்டாள். எனக்கு அக்காவின் மேல் வந்த கோபத்தில் ஒரு சட்டையின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

மேட்ச் நாளில் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் சீக்கிரமே விட்டுவிட்டது. அக்காவின் மகள் அடம்பிடித்ததால் அவளைக் கூட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். ஓய்வறை நிறைய ஆட்கள். யார் பக்கம் என்று காட்டிக்கொள்ளப் பயந்து, எல்லோரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரீஸ்தான் போனை வைத்துக்கொண்டு உரக்கப் படித்தான்.

டூட்டி ஆபீசரிடம் இரண்டு ராட்சசர்கள். கூடைக்கு அடியில் நின்று அள்ளிப் போடுவார்கள். முதல் பாதியில் கடைசி வண்டி நன்றாகவே பின்தங்கியது. பக்கத்து அறையிலிருந்து அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பயமா இல்லையாக்கா?" என்றேன்.

"அவரோட பழைய மேட்ச்சையெல்லாம் திறந்து பாத்தேன். ஒண்ணு விடாம எல்லாத்துலயும் அதே அஞ்சு பேர். பயிற்சி மேட்ச்சுக்குக்கூட அவங்களேதான். எங்களுக்கு டூட்டி போடற மாதிரியே அவங்களுக்கும் போட்டிருக்கார்டி. எத்தனை நாள் இழுப்பாங்க?"

மூன்றாவது கால் பகுதியில் ராட்சசர்களுக்கு மூச்சு வாங்கியது. ஒருவன் தவறவிட்டான், மறுபடி தவறவிட்டான். அக்காவின் பொடியன்கள் முறை போட்டு இறங்கி முறை போட்டு உட்கார்ந்தவர்கள். கூடைக்கு அடியில் கும்பலாக நின்று மறித்தார்கள். பந்து கைக்கு வந்ததும் தூரத்திலிருந்தே போட்டார்கள். கிரீஸின் குரல் ஏறிக்கொண்டே போனது. முடியும்போது கடைசி வண்டி ஏழு பாயிண்ட் முன்னால் இருந்தது. என்னை மறந்து கத்திவிட்டேன். தோற்றுப் போ என்று சொன்ன அதே நான்தான்.

டூட்டி ஆபீசர் கதவருகே வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "பரவாயில்லையேம்மா."

"உங்க ஆளுங்க களைச்சுப் போயிட்டாங்க சார். அவங்களுக்கு ரெஸ்ட் குடுக்கணும்" என்றாள் அக்கா.

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. இந்தத் தடவை அவளைப் பார்த்து அல்ல. அவர் திரும்பிப் போய், கோப்பைப் படத்தைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் புது சார்ட்டை ஒட்டினார். எல்லோரும் போய்ப் பார்த்தோம். பதினெட்டாம் நம்பருக்கு எதிரே மறுபடி ஸ்பிளிட் டூட்டி.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா ஜன்னலைத் தட்டினாள்.

"சார், என் முறை ரெண்டு தடவை தாண்டிப் போச்சு, இப்ப மூணாவது. இன்னிக்கும் கேக்கறேன், நாளைக்கும் வந்து கேப்பேன். ஜெயிச்சுட்டுத்தான் கேப்பேன்."

"புதுசா சேர்றவங்களுக்கு அந்தக் கடைசி அட்வைஸை இனிமே சொல்ல மாட்டேன்க்கா" என்றான் கிரீஸ். அதையும் ஜன்னல் பக்கம் பார்த்து, உரக்கவே சொன்னான்.

மாலை வண்டிக்கு நேரமாகிவிட்டது. வீடு வரை அதிலேயே போகலாம் என்று நாங்களும் ஏறினோம். மகள் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் நிறுத்தம் வந்தது. நான் எழுந்தேன், அவள் எழவில்லை.

"இறங்குடி."

"நான் வரலை சித்தி. சாயங்காலம் எனக்கு அம்மா வேணும். அம்மா இங்கதான் இருக்கா. கடைசி டிரிப் வரைக்கும் நான் இங்கயே இருப்பேன்."

அக்கா கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். முறைப்பவளுக்குக் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். கண்டக்டர் பையை மூடிக்கொண்டு, "நம்ம பாப்பாதானே, சும்மா வரட்டும்" என்றார்.

"சும்மா எல்லாம் வேணாம்" என்றாள் அக்கா, கியரைப் போட்டுக்கொண்டே. "டிக்கெட் குடுங்க."

நான் மறுபடி உட்கார்ந்து, கடைசி நிறுத்தத்துக்கு ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் வாங்கினேன்.