அமெரிக்கச் சட்டத்துக்குப் பூ கட்டிப் பார்த்தது

எனக்கு எழுபத்து நாலு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் செஞ்சியைச் சுற்றியே இருக்கிறார்கள். கடைக்குட்டிப் பெண் மட்டும் அமெரிக்காவில். மழையையும் சமுத்திரத்தையும் ஆராய்கிற அரசாங்க நிலையத்தில் வேலை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. நான் முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். என் வயிற்றில் பிறந்தது சமுத்திரத்தையே படிக்கிறது.

போன மாசியில் போனில் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"எங்க ஆபீஸ் மாதிரி இருக்கிறதையெல்லாம் மூடப் போறோம்னு கவர்மெண்ட்ல சொல்றாங்கம்மா. மூடக்கூடாதுன்னு எம்பிங்க சில பேரு ஒரு சட்டம் கொண்டாறாங்க. அது வந்தா தப்பிச்சோம். வரலன்னா வேலையும் போச்சு, விசாவும் போச்சு. பெட்டிய கட்டிக்கினு ஊருக்கு வந்துட வேண்டியதுதான்."

"மழை பாக்குற எடத்த எவனாவது மூடுவானா?"

"மழை அதுபாட்டுக்குப் பெய்யுது, அத பாக்க இன்னாத்துக்குச் செலவுன்றாங்க."

போனை வைத்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஐந்து வருஷமாக அவள் முகத்தைப் போனில்தான் பார்க்கிறேன். அடுத்த நிமிஷமே என் மேலேயே கோபம் வந்தது. அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியாதா? ஒரு வருஷம் மல்லாட்டை பிடுங்க ஆள் சொல்லிவைத்திருந்தேன். "நாலு நாள் பொறும்மா, கடல்ல ஒண்ணு சுத்திக்கினு இருக்குது" என்றாள். ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். பக்கத்து நிலத்துக்காரர், "அங்க குந்திக்கினு நம்ம ஊரு வானத்த பாக்குதா உம் பொண்ணு?" என்று சிரித்தார். அவர் பிடுங்கிக் காயப்போட்ட செடியெல்லாம் மழையில் ஊறி, தோலுக்குள்ளேயே வேர்க்கடலை முளை விட்டது.

அப்படிப்பட்ட இடத்தை மூடட்டும் என்று எப்படி வேண்டுவேன்? மூடக்கூடாது என்று வேண்டினால், மகளை வராதே என்று சொன்னதாகிறதே?

அம்மனையே கேட்டுவிடலாம் என்று வெள்ளிக்கிழமை பூ கட்டிப் பார்க்கப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சன்னதியில் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கூட வந்த பேத்தி, பெரிய மகனின் பெண், ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"வெள்ளைன்னா இன்னா ஆயா? அத்த வருதா, சட்டம் வருதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தப் பூவுக்கு எது என்று நான் நினைக்கவே இல்லை. எத்தனை கல்யாணத்துக்குப் பூ கட்டிப் பார்த்தவள் நான்!

"நல்லா கீது போ. கேள்வியே கேக்காம பதில் வாங்கிக்கினியே" என்று அவள் சிரித்தாள்.

இன்னொரு தரம் கட்டலாமா என்று பூசாரியைக் கேட்டேன். "ஒரு காரியத்துக்கு ஒரு தரம்தாம்மா. மொதல்ல ஒனக்கு இன்னா வேணும்னு முடிவு பண்ணு" என்று திருநீற்றைக் கையில் போட்டார். அதுதானே தெரியவில்லை.

சட்டம் இன்னும் ஓட்டுக்கே வரவில்லையாம். நேற்றும் மகள் கூப்பிட்டாள். "நீ இன்னாம்மா நெனைக்கிற?" என்று கேட்டாள். வேளாவேளைக்குச் சாப்பிடு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வாயில் வராதது கையிலாவது வருமா என்று பேத்தியின் பழைய நோட்டில் நாலு நாளாக இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் கண் வலிக்கிறது. பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன்.

"இந்தா பாப்பா, இத மொதல்லருந்து சத்தமா படி. நான் எதுக்கு ஆசப்பட்டிருக்கேன்னு கேக்கணும்."